எல்.டி.ஓ. டேப்: லேபிள் ஒட்டுவது முதல் அலமாரியில் அடுக்குவது வரை

பேக்கப் அறைக்குப் புதிதாக வருபவர்கள் டேப்பைக் கெடுப்பது, அதைப் படித்து எழுதும் கருவியான டிரைவுக்குள் அல்ல. டிரைவுக்கு வெளியே, மேசை மேல். பிரச்சினை ஆறு மாதம் கழித்துத்தான் தெரியவரும். ஒரு கோப்பை மீட்டுத் தர வேண்டும், பட்டியலில் உள்ள எண்ணில் டேப் இல்லை, அல்லது அதே எண்ணில் இரண்டு இருக்கின்றன. அன்றைக்கு மேலாளர் உங்கள் பின்னால் வந்து நிற்பார்.

இந்த வழிகாட்டி எல்.டி.ஓ. வகை டேப்புகளுக்கு மட்டும்; கணினித் தரவின் நகலைச் சேமித்து வைக்கும் காந்த நாடா இது, தலைமுறை தலைமுறையாகப் புதிய பதிப்புகள் வருகின்றன. படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். ‘முதலில் ஏற்றிவிடலாம், பிறகு ஒட்டிக்கொள்ளலாம்’ என்று மாற்றினால் என்ன ஆகும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. மேசையில் முதலில் இருக்க வேண்டியவை

டேப் பெட்டி, அந்த டேப்பின் தலைமுறைக்கு உரிய பார்கோடு லேபிள்கள், பதிவேடு, மெல்லிய முனையுள்ள நிரந்தர மை பேனா, பஞ்சு பறக்காத உலர்ந்த துணி. ஒரு பார்கோடு ஸ்கேனர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நடக்கும்.

மேசையில் இருக்கக் கூடாதவை இரண்டு. ஒன்று பென்சில்: அதன் கரித்தூள் மின்சாரத்தைக் கடத்தும், டிரைவுக்குள் போனால் நல்லது செய்யாது. இரண்டாவது தேநீர் டம்ளர். இதற்கு விளக்கம் தேவையில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

2. பெயர்த்திட்டத்தைக் காகிதத்தில் முடியுங்கள்

எல்.டி.ஓ. லேபிளில் எட்டு எழுத்துகள். முதல் ஆறு அந்த டேப்பின் பெயர். கடைசி இரண்டு அதன் வகை. ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் 0 முதல் 9 வரையிலான எண்களும் மட்டும்தான் அனுமதி. சிறிய எழுத்து, இடைவெளி, கோடு எதுவும் கூடாது. ‘ஏபி0123எல்8’ என்பதில் ஏபி0123 பெயர், எல்8 என்பது எட்டாம் தலைமுறை டேப் என்ற அறிவிப்பு.

புதியவர்கள் ஆசைப்பட்டு விழும் குழி, பெயருக்குள் பொருளைத் திணிப்பது. கணக்குப் பிரிவுக்கு ஒரு முன்னெழுத்து, மார்ச் மாதத்துக்கு ஓர் எண் என்று அழகாகத் திட்டம் போடுவார்கள். அடுத்த வருடம் அதே டேப்பைச் சுழற்சியில் வேறு வேலைக்கு எடுக்கும்போது லேபிள் பொய் சொல்லத் தொடங்கும். டேப்பில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியது பேக்கப் மென்பொருளும் பதிவேடும். லேபிள் சொல்ல வேண்டியது ‘நான் யார்’ என்பதை மட்டும். முன்னால் இரண்டு எழுத்து, பின்னால் நான்கு எண், 0001 முதல் வரிசையாக. அலுப்பான திட்டம்தான், அதுவே நிற்கும்.

முன்னெழுத்தாக ஆங்கில ‘ஓ’வையும் ‘ஐ’யையும் எடுக்காதீர்கள். பார்கோடு ரீடர் சரியாகப் படித்துவிடும். தொலைபேசியில் எண்ணைச் சொல்லும் மனிதர்தான் பூஜ்யம் என்றும் ஒன்று என்றும் எழுதிக்கொள்வார்.

எண்கள் இரட்டிப்பது இன்னொரு பெரிய ஆபத்து. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் லேபிள் தீர்ந்ததும் மறுபடி ஆர்டர் போட்டார்கள். எந்த எண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்று யாரும் எழுதவில்லை. அச்சகம் நல்ல பிள்ளையாக 0001இலிருந்து அச்சிட்டு அனுப்பியது. ஒரே பெயரில் இருநூறு ஜோடி டேப்புகள். பிரித்தெடுக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஆகவே கடைசியாக ஒட்டிய எண்ணைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். ஆர்டர் போடுபவர் அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

3. கடைசி இரண்டு எழுத்தில் கவனம்

எல்5, எல்6, எல்7, எல்8, எல்9 என்பவை அந்தந்தத் தலைமுறையின் சாதாரண டேப்புகள். ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டேப்புகளுக்கு எழுத்து வேறு: ஏழாம் தலைமுறைக்கு எல்எக்ஸ், எட்டாவதற்கு எல்ஒய், ஒன்பதாவதற்கு எல்இசட். இந்த இரண்டு எழுத்தைப் பார்த்துத்தான் லைப்ரரி (டேப்புகளை ஸ்லாட்டுகளில் வைத்து, ரோபோ கையால் டிரைவுக்கு எடுத்துப் போகும் இயந்திரம்) ஒரு டேப்பை எந்த டிரைவில் போடலாம் என்று முடிவு செய்கிறது.

ஏன் இவ்வளவு கறார்? ஏழாம் தலைமுறை வரை டிரைவுகள் இரண்டு தலைமுறை பழைய டேப்பைப் படித்தன, ஒரு தலைமுறை பழையதில் எழுதவும் செய்தன. எட்டாம் தலைமுறை டிரைவில் அந்தச் சலுகை சுருங்கிவிட்டது. அது ஏழாம் தலைமுறை வரைதான் இறங்கி வரும். ஆறாவதைப் படிக்கவே படிக்காது. ஒன்பதாவது டிரைவுக்கு எட்டும் ஒன்பதும் மட்டும். எல்6 டேப்பில் தவறுதலாக எல்8 லேபிளை ஒட்டிவிட்டால், ரோபோ அதை நம்பி எடுத்துப் போகும், டிரைவ் துப்பிவிடும், இரவு பேக்கப் அங்கேயே நிற்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு: எம்8. புத்தம் புதிய, ஒருமுறைகூட எழுதப்படாத ஏழாம் தலைமுறை டேப்பில் எம்8 லேபிளை ஒட்டி எட்டாம் தலைமுறை டிரைவுள்ள லைப்ரரியில் ஏற்றினால், வழக்கமான 6 டெராபைட்டுக்குப் பதில் 9 டெராபைட் கிடைக்கும். லேபிளைப் பார்த்துத்தான் அது அப்படித் தயாராகிறது. அதன் பிறகு ஏழாம் தலைமுறை டிரைவில் அந்த டேப்பைப் படிக்க முடியாது. திரும்பும் வழி இல்லை. ஏற்கெனவே எழுதிய டேப்பின் மேல் எம்8 ஒட்டினால் கொள்ளளவு ஒரு பைட்கூடக் கூடாது. லேபிள் ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று இருக்கும். லேபிளுக்கு முன் டேப்பை ஏற்றக் கூடாது என்ற விதிக்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

4. பெட்டியைப் பிரித்து ஒரு நாள் விடுங்கள்

வந்த அன்றே ஏற்ற வேண்டும் என்று துடிப்பார்கள். டேப்பைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையை உடனே கிழிக்க வேண்டாம். பெட்டியை டிரைவ் இருக்கும் அறையிலேயே 24 மணி நேரம் வையுங்கள்.

சென்னைக் கோடையில் லாரியில் வந்த பெட்டிக்கும் 22 டிகிரி அறைக்கும் உள்ள வித்தியாசத்தில் டேப்பின் நீள அகலம் மாறும். எட்டாம் தலைமுறை டேப்பின் அரை அங்குல அகலத்தில் 6,656 தடங்கள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத அந்த மாற்றம்கூட டிரைவுக்குப் பெரிது. குளிர்ந்த இடத்திலிருந்து ஈரமான காற்றுக்குக் கொண்டுவந்தால் நீர்த்துளி படியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, அதேதான், டேப்பின் மேல்.

5. ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பாருங்கள்

இதற்கு ஒரு டேப்புக்கு அரை நிமிடம். நான் செய்வது இப்படி. உறையைக் கிழித்து, கார்ட்ரிட்ஜை (டேப் சுருள் இருக்கும் பிளாஸ்டிக் கூடு) இரு பக்க விளிம்பில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்புவேன். மேல் ஓடும் கீழ் ஓடும் சேரும் கோடு நான்கு பக்கமும் ஒரே சீராக இருக்க வேண்டும். நகம் நுழையும் அளவு பிளவு எங்காவது தெரிந்தால் அது எங்கோ விழுந்திருக்கிறது.

அடுத்து பக்கவாட்டில் உள்ள சிறு கதவு. விரலால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் உள்ளே ஒரு சின்ன உலோகக் குச்சி நேராக நிற்பது தெரியும். அதுதான் லீடர் பின். டிரைவ் டேப்பை வெளியே இழுப்பது இதைப் பிடித்துத்தான். கார்ட்ரிட்ஜுக்குள் ஒரே ஒரு சுருள்தான் இருக்கிறது, மற்றொன்று டிரைவில் இருக்கிறது; இந்தக் குச்சி நழுவிச் சாய்ந்திருந்தால் இழுக்கும் கொக்கி வெறுங்கையோடு திரும்பும், அல்லது டேப் சிக்கும். பார்த்ததும் விரலை எடுங்கள், கதவு தானே மூடிக்கொள்ளும். உள்ளே டேப்பைத் தொட வேண்டாம்: எட்டாம் தலைமுறையில் அதன் தடிமன் 5.6 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. கைரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு அதன் மேல் ஒரு மேடு.

கடைசியாக மெல்ல அசைத்துப் பார்ப்பேன். உள்ளே ஏதாவது உடைந்து கிடப்பதுபோல் கடகடவென்று சத்தம் வந்தால் ஒதுக்கிவிடுவேன். இங்கே ஒதுக்கும் டேப்பை விற்றவர் மாற்றித் தருவார். லேபிள் ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

6. லேபிள் ஒட்டுதல்

லேபிளுக்கென்று கார்ட்ரிட்ஜின் முகப்பில் கொஞ்சம் உள்வாங்கிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் மட்டும். மேல்புறத்தில், கீழ்புறத்தில், பக்கவாட்டில் எங்கும் எதுவும் ஒட்டக் கூடாது. டிரைவின் வாய்க்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறைவு. ஒரு ஸ்டிக்கரின் தடிமன் போதும், சிக்கிக்கொள்ள.

முதலில் பள்ளத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். லேபிளை நகத்தால் கிளப்பாதீர்கள். கிளப்பிய மூலை சுருண்டு, பிறகு எப்போதும் அந்த மூலையே பிரியும். தாளைப் பின்பக்கமாக வளைத்தால் லேபிளின் ஓரம் தானாக எழும்பும். அந்த ஓரத்தைப் பள்ளத்தின் இடது விளிம்பில் பதித்து, அங்கிருந்து வலதுபுறம் கட்டை விரலால் தேய்த்துக்கொண்டே போங்கள். நடுவிலிருந்து அமுக்கினால் குமிழி விழும். எண்கள் தலைகீழாக இல்லையே என்று ஒட்டுவதற்கு முன் பாருங்கள். சிரிக்காதீர்கள், இருபதாவது டேப்பில் எல்லோருக்கும் நேரும்.

கோணலாக ஒட்டிவிட்டால்? உடனே, பசை இறுகும் முன், முழுதாக உரித்து எறிந்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். உரித்த லேபிளை மறுபடி ஒட்ட வேண்டாம். பழைய லேபிளின் மேல் புதியதை ஒட்டவே வேண்டாம். ஒருமுறை அப்படி இரட்டையாக ஒட்டப்பட்ட லேபிளின் மேல் பாதி உரிந்து டிரைவுக்குள்ளேயே தங்கிவிட்டது. டேப்பின் விலையைவிட டிரைவின் விலை எத்தனை மடங்கு என்பதை அன்று எல்லோரும் கூட்டிப் பார்த்தோம்.

சாதாரண ஏ4 தாளில் அச்சிட்டுக் கோந்து தடவி ஒட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். ரீடர் முதல் நாள் படிக்கும். சூட்டில் கோந்து விடும், மை தேயும். டேப்புக்கென்றே விற்கும் லேபிள்களை வாங்குங்கள். பளபளப்பான மேற்பூச்சு உள்ளவற்றைத் தவிர்க்கலாம்; அது ரீடரின் ஒளியை அப்படியே திருப்பி அடிக்கும்.

7. பதிவேட்டில் ஏற்றிய பிறகே லைப்ரரியில்

ஒட்டிய உடனே, அடுத்த டேப்பைத் தொடுவதற்கு முன், ஒரு வரி எழுதுங்கள்: லேபிள் எண், தயாரிப்பாளர் கார்ட்ரிட்ஜில் அச்சிட்ட வரிசை எண், வாங்கிய தேதி, இப்போது இருக்கும் இடம். இருபதையும் ஒட்டிவிட்டு மொத்தமாக எழுதலாம் என்று உட்கார்ந்தால் பதினான்காவதும் பதினைந்தாவதும் இடம் மாறும்.

தயாரிப்பாளர் எண் எதற்கு? லேபிள் கிழிந்து போன அன்று அந்த டேப்பை அடையாளம் காட்டப் போவது அதுதான். கார்ட்ரிட்ஜின் மூலையில் உள்ள சிறு நினைவகச் சில்லிலும் வரிசை எண், எத்தனை முறை ஏற்றப்பட்டது என்ற கணக்கு எல்லாம் இருக்கும். டிரைவில் போட்டால் மென்பொருள் படித்துச் சொல்லும்.

8. முதல் முறை ஏற்றுதல்

கார்ட்ரிட்ஜில் அம்புக்குறி காட்டும் திசையில், லேபிள் உங்களைப் பார்த்திருக்க, ஸ்லாட்டில் வையுங்கள். எழுதாமல் தடுக்கும் சிறு தள்ளுபொத்தான் லேபிள் பக்கத்திலேயே இருக்கிறது. பூட்டுப் படம் தெரிந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். புதிய டேப்பில் திறந்திருக்க வேண்டும். பேக்கப் முடிந்து வெளியே போகும் டேப்பில் பூட்டியிருக்க வேண்டும்.

பிறகு லைப்ரரியை ஒருமுறை ஸ்லாட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். திரையில் வரும் எண்களைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். ஒரு ஸ்லாட் ‘லேபிள் இல்லை’ என்று வந்தால் அழுக்கு, கோணல், தலைகீழ் மூன்றில் ஒன்று. சரி செய்யாமல் மேலே போகாதீர்கள். பெரும்பாலான பேக்கப் மென்பொருள்கள் பார்கோடில் உள்ள பெயரையே டேப்பின் தலைப்பிலும் எழுதும். லேபிளில்லாமல் ஏற்றினால் மென்பொருள் தானாக ஒரு பெயர் வைத்துவிடும். நீங்கள் பிறகு ஒட்டும் லேபிளுக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்காது.

ஒன்பதாம் தலைமுறை டேப் என்றால் பொறுமை வேண்டும். முதல் முறை ஏற்றும்போது டிரைவ் அந்த டேப்பை அளந்து தன்னை அதற்கேற்பச் சரிசெய்துகொள்கிறது. இதற்குச் சராசரியாக 40 நிமிடம், சில சமயம் இரண்டு மணி நேரம் வரை ஆகும். திரை அசையாமல் நிற்பதைப் பார்த்து ‘மாட்டிக்கொண்டது’ என்று மின்சாரத்தை நிறுத்தியவர் உண்டு. ஒரு பெட்டி முழுவதையும் பேக்கப் இல்லாத நாளில் வரிசையாக ஏற்றி முடித்துவிடுங்கள். மாத இறுதி இரவில் புதிய டேப்பைத் தொடாதீர்கள். நான்காவது படியில் சொன்ன 24 மணி நேரம் இங்கேதான் பலன் தரும்: வெப்பநிலை அடங்காத டேப்பை அளந்தால் அளவும் அடங்காததாகவே இருக்கும்.

9. கீழே விழுந்தால்

டேப் விழும். மறைப்பதுதான் தவறு. மேசை உயரத்திலிருந்து விழுந்த கார்ட்ரிட்ஜ் வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே சுருளின் விளிம்புகள் சீர் கலைந்திருக்கலாம், லீடர் பின் கழன்றிருக்கலாம்.

ஐந்தாவது படியின் சோதனையை மறுபடி செய்யுங்கள். பிளவோ சத்தமோ இருந்தால் டிரைவில் போடாதீர்கள். ‘ஒருமுறை போட்டுப் பார்க்கலாமே’ என்பது நல்ல டிரைவையும் இழக்கும் வழி. எல்லாம் சரியாகத் தெரிந்தால் ஏற்றி, உள்ளிருப்பதை வேறு டேப்புக்கு நகல் எடுத்துவிட்டு, விழுந்ததை ஓய்வுக்கு அனுப்புங்கள். பதிவேட்டில் ‘விழுந்தது’ என்று தேதியோடு எழுதுங்கள். எங்கள் அறையில் விழுந்ததைச் சொன்னவரைத் திட்டுவதில்லை. திட்டத் தொடங்கினால் அடுத்த டேப் சத்தமில்லாமல் அலமாரிக்குப் போய்விடும்.

கையால் அடுக்கித் தூக்கிப் போவதையும் விடுங்கள். ஐந்து டேப்பை மார்போடு அணைத்துக்கொண்டு முழங்கையால் கதவைத் திறப்பவரிடமிருந்துதான் பெரும்பாலும் விழுகிறது. தட்டு எதற்கு இருக்கிறது?

10. வெளியூர் அனுப்புதல்

ஒவ்வொன்றும் அதன் பிளாஸ்டிக் உறைப்பெட்டிக்குள். அவை எல்லாம் மெத்தென்ற அறைகள் உள்ள கடினப் பெட்டிக்குள். டேப் படுத்திருக்கக் கூடாது, விளிம்பில் நிற்க வேண்டும். பெட்டியைத் தூக்கி ஆட்டினால் உள்ளே எதுவும் அசையக் கூடாது. செய்தித்தாளைச் சுருட்டி அடைப்பது போதாது. வழியில் அது அமுங்கிவிடும்.

ஒருமுறை மே மாதத்தில் நெடுஞ்சாலை உணவகத்தின் முன் பூட்டிய காரில் டேப் பெட்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். வெயிலில் நின்ற காருக்குள் கை வைக்க முடியவில்லை. அனுப்பும்போது டேப் தாங்கக்கூடிய உச்ச வெப்பம் 49 டிகிரி; மூடிய கார் அதைச் சாப்பாடு வருவதற்குள் தாண்டிவிடும். அந்தப் பெட்டியில் எட்டு டேப்பை நாங்கள் மறுபடி எழுத வேண்டியிருந்தது. டேப் இருக்கும் வண்டியில் ஒருவர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி ஆளோடு இறங்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த இடத்திலும் அதே 24 மணி நேரக் காத்திருப்பு உண்டு. அவசர மீட்பில் இதைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

11. அலமாரி

புத்தகத்தைப் போல நிறுத்தி வையுங்கள், லேபிள் வெளியே தெரியும்படி. படுக்கவைத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் டேப்பின் எடை முழுதும் ஒரு பக்க விளிம்பின் மேல் உட்காரும். கீழே இருக்கும் டேப்பை உருவும்போது மேலே உள்ளவை சரிவதும் இலவசம்.

நீண்ட காலத்துக்கு 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். கடற்கரை ஊர்களில் ஈரப்பதம்தான் சிக்கல். இரவில் ஏசியை நிறுத்திவிடும் அறையில் டேப்பை வைக்காதீர்கள். ஏறி இறங்கும் ஈரம், நிலையான ஈரத்தைவிட மோசம். அறையில் ஒரு ஈரப்பதமானி மாட்டி, அதைப் பார்ப்பதற்கு ஓர் ஆளையும் போடுங்கள். ஒலிபெருக்கி, மோட்டார் போன்ற காந்தமுள்ளவை அந்த அலமாரிப் பக்கம் வர வேண்டாம்.

12. துப்புரவு டேப்பும் ஓய்வு பெறும் டேப்பும்

துப்புரவு டேப்பின் லேபிள் சி.எல்.என்.யு. என்ற நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கட்டும். அதைப் பார்த்தால்தான் லைப்ரரி அதில் தரவை எழுத முயலாது. டிரைவ் கேட்கும்போது மட்டும் போடுங்கள். வாரம் ஒருமுறை போட்டால் சுத்தமாக இருக்கும் என்று நினைப்பது வீட்டுப் பழக்கம். இந்த டேப், டிரைவில் படித்து எழுதும் தலையைத் தேய்த்துத்தான் சுத்தம் செய்கிறது, தேவையில்லாமல் போட்டால் தேய்வது டிரைவ். பொதுவாக ஐம்பது முறை வரை வரும். தனி டிரைவில் கையால் போடுகிறீர்கள் என்றால் எத்தனையாவது முறை என்பதைப் பதிவேட்டில் கோடு போட்டு எண்ணுங்கள்.

பழைய டேப்பைக் காந்தத்தால் அழித்து மறுபடி பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எல்.டி.ஓ. டேப்பில் தலைக்கு வழிகாட்டும் தடங்கள் ஆலையிலேயே எழுதப்படுகின்றன. அவை அழிந்தால் எந்த டிரைவாலும் திருப்பி எழுத முடியாது. அந்த டேப் அதோடு குப்பைதான். நிரந்தரமாக ஒழிக்க வேண்டியதை மட்டும் அப்படி அழிக்கலாம்.

ஓய்வு பெற்ற டேப்பின் எண்ணைப் புதிய டேப்புக்குத் தராதீர்கள். பதிவேட்டில் அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, தேதி எழுதி, டேப்பை அழித்தவரின் கையெழுத்தை வாங்குங்கள். எண் தீர்ந்துவிடுமே என்ற கவலை வேண்டாம். இரண்டு எழுத்துக்கும் நான்கு எண்ணுக்கும் ஒரு முன்னெழுத்து ஜோடியிலேயே கிட்டத்தட்டப் பத்தாயிரம் டேப் இருக்கிறது.